சரக்கு கைமாறும் தீவு: சிங்கப்பூர்த் துறைமுகம் வளர்ந்த விதம்

2024-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்ட கன்டெய்னர்கள், 20 அடிப் பெட்டிக் கணக்கில், 4 கோடியே 11 லட்சம். அந்தத் தீவில் இருப்பவர்களோ ஏறத்தாழ 60 லட்சம் பேர். அத்தனை பெட்டிச் சாமானை அவர்கள் வாங்கித் தீர்க்க முடியாது. அத்தனை பெட்டியை நிரப்பி அனுப்ப அங்கே வயலும் இல்லை, சுரங்கமும் இல்லை. அப்படியானால் இந்தப் பெட்டிகள் யாருடையவை?

பெரும்பாலும் மற்ற நாடுகளுடையவை. ஒரு கப்பலில் வந்து இறங்குகின்றன, சில நாள் துறைமுக வளாகத்துக்குள்ளேயே அடுக்கில் இருக்கின்றன, வேறொரு கப்பலில் ஏறிப் போய்விடுகின்றன. ஊருக்குள் அவை நுழைவதே இல்லை. இதைத்தான் டிரான்ஷிப்மென்ட் என்கிறார்கள். சிங்கப்பூருக்கு வரும் பெட்டிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் இந்த வகைதான். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: இப்படி மாறிப்போகும் பெட்டி, இறங்கும்போது ஒரு முறையும் ஏறும்போது ஒரு முறையும் எண்ணப்படுகிறது. அந்த 4 கோடிக்குள் ஒரே பெட்டி இரண்டு முறை இருக்கும்.

நேராகவே போய்விடலாமே, நடுவில் எதற்கு மாற வேண்டும் என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கிழக்கே 10 துறைமுகம், மேற்கே 10 துறைமுகம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொன்றுக்கும் நேர்க் கப்பல் விட்டால் 100 தடங்கள் வேண்டும். எல்லோரும் நடுவில் ஓர் இடத்துக்கு வந்து சரக்கை மாற்றிக்கொண்டால் 20 தடம் போதும். தடம் குறையும்போது ஒவ்வொரு கப்பலிலும் சரக்கு நிறைகிறது. நிறைந்த பெரிய கப்பலில் ஒரு பெட்டிக்கு ஆகும் செலவு குறைகிறது. ரயிலில் ஜங்ஷனில் இறங்கி வண்டி மாறுகிறோமே, அதே ஏற்பாடுதான்.

சுமத்ராவில் பலெம்பாங் என்றொரு ஊர் இருக்கிறது. ஆற்றோரத் துறைமுகம், ஆழம் குறைவு. அங்கிருந்து ஒரு பெட்டி ரப்பர் ஜெர்மனியின் ஹாம்பர்க் போக வேண்டும். ஐரோப்பா போகும் 400 மீட்டர் நீளக் கப்பல் அந்த ஆற்றுக்குள் வராது. வரமுடிந்தாலும் சில நூறு பெட்டிக்காக வராது. ஆகவே ஒரு சிறிய கப்பல், ஃபீடர் என்பார்கள், அந்தப் பெட்டியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவருகிறது. அங்கே வந்து நிற்கும் தாய்க்கப்பலில் அது ஏறுகிறது. இப்படிப் பல சிறு துறைமுகங்களிலிருந்து வந்த பெட்டிகள் சேர்ந்துதான் தாய்க்கப்பல் நிறைகிறது.

கணக்கு எளிதுதான். அந்த நடு இடம் ஏன் சிங்கப்பூராக இருக்க வேண்டும் என்பதில்தான் வரலாறு இருக்கிறது. நல்ல இடத்தில் அமைந்த தீவு, அதனால் வளர்ந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது பாதி பதிலாகத்தான் படுகிறது. இடம் 700 ஆண்டுகளாக அதேதான். அந்த இடத்தில் கப்பல்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் அது காத்திருப்பதற்கான துறைமுகம். இன்று காத்திருக்காமல் போவதற்கான துறைமுகம்.

காற்று திரும்பும் இடம்

இந்தியப் பெருங்கடலிலிருந்து தென்சீனக் கடலுக்குப் போகும் மிகக் குறுகிய வழி மலாக்கா நீரிணை. அதன் தென்முனையில், நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகை வடக்கே, சிங்கப்பூர் இருக்கிறது. புயல்கள் பொதுவாக அவ்வளவு தெற்கே உருவாவதில்லை. 2001-ல் வந்த வாமெய் அபூர்வமான விதிவிலக்கு.

பாய்மரக் காலத்தில் இதைவிட முக்கியமானது பருவக்காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குக் காற்று சீனக் கப்பல்களைத் தெற்கே தள்ளிக்கொண்டு வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று அவற்றைத் திரும்பக் கொண்டுபோகும். இந்தியாவிலிருந்து கிழக்கே வரும் கப்பல்களுக்கும் அந்தத் தென்மேற்குக் காற்றுதான் வேண்டும். ஒருவர் வரும் பருவத்தில் மற்றவர் புறப்பட்டுக்கொண்டிருப்பார். இருவரும் சந்தித்துக்கொள்ள முடியாத அந்த இடைவெளியில் சரக்கை வாங்கி வைத்திருக்க ஆள் வேண்டும், கிடங்கு வேண்டும், குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும், ஒதுங்க அலையடிக்காத நீர் வேண்டும். நீரிணையின் ஓரத்தில் இருந்த பழைய துறைமுகங்கள் எல்லாம் பிழைத்தது இந்தக் காத்திருப்பால்தான்.

சிங்கப்பூர் 1819-க்கு முன் வெறும் மீன்பிடி கிராமம் என்று பலரும் நம்புகிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் இங்கே தெமாசெக் என்றொரு துறைமுக ஊர் இருந்தது. 1984 முதல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நடந்த அகழாய்வுகளில் அந்தக் காலத்துச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 1330-களில் இந்தப் பக்கம் வந்த வாங் தாயுவான் என்ற சீன வணிகர் எழுதி வைத்ததைப் படித்தால், கடல் அன்று எப்படி இருந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். தீவின் மேற்கு வாயிலில் பல்போல நீட்டிக்கொண்டிருந்த பாறைகளை அவர் சொல்கிறார். மேற்கே போகும் கப்பல்களை அங்கிருந்தவர்கள் விட்டுவிடுவார்களாம். சரக்கோடு திரும்பும்போது 200, 300 படகுகள் வந்து சூழ்ந்துகொள்ளுமாம். அம்பைத் தடுக்க மாலுமிகள் தடுப்புத் திரைகளை எழுப்பிக்கொண்டுதான் அந்த வழியாக வருவார்கள்.

அந்த நீரை அறிந்தவர்கள் ஓராங் லாவுட் என்னும் கடல்வாழ் மக்கள். எந்தப் பாறை எந்த ஓதத்தில் மூழ்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கப்பலுக்கு வழிகாட்டவும் அவர்களால் முடியும், வழிமறிக்கவும் முடியும். அவர்கள் யார் பக்கம் இருக்கிறார்களோ அந்த அரசரின் துறைமுகம்தான் ஓங்கும். பிறகு மலாக்கா பெரிதாக வளர்ந்தது, தெமாசெக் மங்கியது.

வரி இல்லாத துறை

1819 ஜனவரி கடைசியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் ஆற்று வாயில் வந்து இறங்கினார். பிப்ரவரி 6 அன்று சுல்தான் ஹுசேன் ஷாவுடனும் உள்ளூர்த் தலைவரான தெமெங்கோங் அப்துல் ரஹ்மானுடனும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு சுல்தானுக்கு 5,000 ஸ்பானிய டாலர், தெமெங்கோங்குக்கு 3,000. பதிலுக்குக் கம்பெனி ஒரு வணிக நிலையம் வைத்துக்கொள்ளலாம். தீவு முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனது 1824-ல்தான்.

கம்பெனிக்குப் பினாங்கு 1786 முதலே இருந்தது. ஆனால் அது நீரிணையின் வடமுனையில்; சீனாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சுற்று. தெற்கே டச்சுக்காரர்கள் பட்டேவியாவை, இன்றைய ஜகார்த்தாவை, வைத்துக்கொண்டு வரியும் கட்டுப்பாடுமாக வணிகத்தை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ராஃபிள்ஸ் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்தார்: சிங்கப்பூரில் இறங்கும் சரக்குக்கும் ஏறும் சரக்குக்கும் சுங்கவரி கிடையாது. எந்த நாட்டுக் கப்பலும் வரலாம்.

சரக்கு மாற்றும் வணிகத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஓர் ஊரில் விற்கப்போகும் பொருளுக்கு அங்கே வரி கட்டுவதை வணிகர் பொறுத்துக்கொள்வார். வெறுமனே கைமாறிப் போகும் பொருளுக்கு வரி கட்டினால் லாபமே கரைந்துவிடும். இடத்தோடு வரிவிலக்கும் சேர்ந்ததும் கூட்டம் வந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்த தீவில் 1824-ல் எடுத்த முதல் கணக்கெடுப்பின்படி 10,683 பேர்.

அந்த முதல் கூட்டத்திலேயே தமிழர்கள் இருந்தார்கள். பினாங்கில் இருந்த நாராயண பிள்ளை 1819 மே மாதம் ராஃபிள்ஸின் இரண்டாவது பயணத்தில் அவருடைய கப்பலிலேயே வந்தார். புதிதாக எழும் ஊருக்குச் செங்கல் வேண்டும் என்று கண்டு சூளை போட்டார். துணிக்கடையும் வைத்தார்; அது தீயில் போனபின் மீண்டும் எழுந்தார். 1827-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயிலை எழுப்பியவரும் அவர்தான். அதே சாலையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826-லேயே ஜாமியா பள்ளிவாசலை நிறுவியிருந்தார்கள்.

வரி இல்லையென்றால் அரசு எப்படி நடந்தது என்ற கேள்வி வரும். அபினி, சாராயம் போன்றவற்றை விற்கும் உரிமையை ஏலம் விட்டு நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வருமானத்தின் மிகப் பெரிய பங்கு அபினியிலிருந்துதான். அதை வாங்கிப் புகைத்தவர்களில் பலர் மூட்டை சுமந்து உடல் நொந்த கூலிகள். வணிகருக்குக் கிடைத்த வரிவிலக்கின் விலையை அவர்கள் கொடுத்தார்கள். சிங்கப்பூரின் தொடக்கத்தைப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆற்று வாயில்

அந்தக் காலத்துத் துறைமுகம் என்றால் சிங்கப்பூர் ஆறுதான். கப்பல்கள் உள்ளே வர ஆழம் போதாது. வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கை அங்கிருந்து தொங்கான் என்னும் சரக்குப் படகுகளில் இறக்கி, ஆற்றுக்குள் கொண்டுவந்து, போட் கீ கரையில் ஏற்றுவார்கள். வாயில் குறுகல், ஓதம் வடிந்தால் படகு தரைதட்டும். ஆகவே நீர் ஏறும் நேரத்தில் எல்லாத் தொங்கானும் ஒரே சமயத்தில் முண்டியடிக்கும்.

கரைக்கு வந்ததும் படகுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு பலகை. முதுகில் மூட்டையோடு ஒருவர் அதில் ஏறுவார். பலகை வளைந்து துள்ளும். அவர் கால் அதற்கேற்ப எடுத்து வைக்கும். ஒருவர் பின் ஒருவராக, அரிசி, மிளகு, தோல் பதனிட உதவும் காம்பியர், சாகோ மாவு. எதிரே கடைவீடு, கீழே கிடங்கு, மேலே முதலாளியின் குடியிருப்பு. படகுகளின் முகப்பில் கண்கள் வரைந்திருப்பார்கள்.

முதல் சில பத்தாண்டுகளில் இந்தத் தொங்கான்களைச் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். பிறகு அந்தத் தொழில் மெல்ல மெல்லச் சீனர் கைக்குப் போனது. சூலியாக்கள் நினைவாகச் சூலியா ஸ்ட்ரீட் இன்றும் இருக்கிறது. தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டிய நாகூர் தர்காவும் இருக்கிறது. அதற்குச் சில அடி தள்ளி, கடல்தெய்வம் மாசுவுக்குச் சீனர்கள் கட்டிய தியன் ஹொக் கெங் கோயில். அன்று அந்தத் தெருதான் கடற்கரை. ஆபத்தில்லாமல் வந்து சேர்ந்தவர்கள் இறங்கியதும் முதல் வேலையாக நன்றி சொல்லிவிட்டு ஊருக்குள் போனார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி கடலைத் தூர்த்துக்கொண்டே போனதால் இன்று அங்கிருந்து தண்ணீர் கண்ணில் படாது.

சரக்கு ஒரு பருவம் முழுக்கக் கிடங்கில் கிடந்தால் பணமும் அதில் முடங்கிக் கிடக்கும். அந்தக் காலத்தைக் கடத்தக் கடன் வேண்டும். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் செய்தது அந்த வேலையைத்தான். நீண்ட கூடம், தரையில் பாய், ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்மேசை. ஒரே கிட்டங்கிக்குள் பல மார்க்காக்கள், அதாவது தனித்தனிக் கடன் நிறுவனங்கள், அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். பெரிய ஐரோப்பிய வங்கிகள் திரும்பிப் பார்க்காத சிறு வணிகருக்கும் அங்கே கடன் கிடைத்தது. துறைமுகம் என்றால் கப்பலும் கிரேனும் மட்டுமே கண்ணில் படுகின்றன. காத்திருக்கும் சரக்குக்குப் பணம் போட்டவர்கள் இல்லாமல் எதுவும் நகர்ந்திருக்காது.

நிலக்கரியும் சூயஸும்

நீராவிக் கப்பல் வந்ததும் காற்றுக்காகக் காத்திருக்கும் தேவை போய்விட்டது. காத்திருப்பில் பிழைத்த ஊருக்கு இது அடியாக விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, ஏனென்றால் நீராவிக்கு நிலக்கரி வேண்டும். அந்தக் காலத்து இயந்திரங்கள் கரியை விழுங்கும். வழியில் நின்று நிரப்பாமல் சீனா வரை போக முடியாது. ஆனால் வெளிக்கடலில் நின்றுகொண்டு தொங்கானிலிருந்து கரி ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. கப்பல் கரையோடு ஒட்டி நிற்க ஆழமான நீர் வேண்டும்.

அந்த ஆழம் ஆற்றுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் இருந்தது. தெற்கே இன்று செந்தோசா என்கிற தீவும் பிராணி தீவும் அலையைத் தடுக்க, நடுவே அமைதியான ஆழ்நீர். கேப்டன் ஹென்றி கெப்பல் 1848-ல் அதை ஆராய்ந்து சொன்னார். பல்போல நீட்டிக்கொண்டிருந்த பழைய பாறையைக் கப்பல்களுக்கு இடைஞ்சல் என்று அதே ஆண்டில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1852-ல் பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி அங்கே கரித்தளம் அமைத்தது. 1864-ல் தஞ்சோங் பகார் டாக் கம்பெனி தொடங்கியது. புதுத்துறை என்று அழைக்கப்பட்ட அந்த இடத்துக்கு 1900-ல் கெப்பல் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம் 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதற்கு முன் ஐரோப்பாவிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சீனா போன கப்பல்கள் பல, இந்தியப் பெருங்கடலை நேராகக் கடந்து, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே உள்ள சுந்தா நீரிணை வழியாகப் போய்விடும். சிங்கப்பூர் பக்கம் வரத் தேவையில்லை. சூயஸ் வழியாக வரும் கப்பலுக்கு மலாக்கா நீரிணைதான் நேர்வழி. செங்கடலின் காற்று பாய்மரத்துக்கு ஒத்துவராததால் அந்த வழியில் நீராவிக் கப்பலின் கையே ஓங்கியது. ஆக, கடல்வழி தானாகவே சிங்கப்பூர் வாசலுக்கு வந்து நின்றது. அப்போது அங்கே ஆழமான துறையும் கரியும் ஆளும் தயாராக இருந்தன. அவற்றுக்கான வேலை கால்வாய் திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது.

கழியின் நடுவில் கூடையை மாட்டி இருவர் தோளில் தூக்கி, வரிசை உடையாமல் பலகை ஏறிக் கரி கொட்டிய கூலிகளின் வேகம் கப்பல்காரர்களிடம் பேர்பெற்றது. அதற்குப்பின் மலாயாவின் வெள்ளீயமும் ரப்பரும் இங்கே வந்து உருக்கி, தரம் பிரித்து, உலகமெங்கும் போயின. பிராணி தீவில் 1890-ல் வெள்ளீயம் உருக்கும் ஆலை வந்தது. தஞ்சோங் பகாரில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். 1926-ல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தையும் சென்னையையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் 1973 வரை இணைத்துக்கொண்டிருந்தது.

டாக் கம்பெனியை அரசே 1905-ல் எடுத்துக்கொண்டது. 1913-ல் துறைமுக வாரியம் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்தபோது துறை சிதைந்தது. போருக்குப்பின் மீண்டும் கட்டினார்கள்.

பெட்டி வருகிறது

1960-களின் நடுவில் சிங்கப்பூருக்கு எல்லாப் பக்கமும் நெருக்கடி. இந்தோனேசியாவுடன் 1963-ல் தொடங்கிய மோதலால் அங்கிருந்து வரும் வணிகம் அறுந்தது. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தது. 1968-ல் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடுவதாக அறிவித்தது. பல்லாயிரம் பேரின் வேலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் பணம் இல்லாத அந்த நேரத்தில், 1964-ல் உருவான துறைமுக ஆணையம் உலக வங்கியிடம் கடன் வாங்கி ஒரு கன்டெய்னர் முனையம் கட்ட முடிவெடுத்தது.

கன்டெய்னர் அப்போது புதுப் பொருள். 1956-ல்தான் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை ஒரு பழைய எண்ணெய்க் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியிருந்தார். அதற்கு முன் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என ஒவ்வொன்றையும் கையால் எடுத்து அடுக்க வேண்டும். ஒரு கப்பல் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், துறையிலேயே நிற்கும். எல்லாவற்றையும் ஒரே அளவுப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டால் கிரேன் ஒரே தூக்கில் முடிக்கும். ஆனால் அதற்கென்றே தனிக் கிரேன், தனித் தளம், பரந்த வளாகம் எல்லாம் வேண்டும். கட்டிவைத்துக் கப்பல் வராவிட்டால் கடன் மட்டும் மிஞ்சும். அந்த வட்டாரத்தில் அப்போது வேறு யாரும் துணியவில்லை.

1972 ஜூன் மாதம் தஞ்சோங் பகாரில் நிஹோன் என்ற கப்பல் ராட்டர்டாமிலிருந்து 300 பெட்டிகளோடு வந்து நின்றது. முதலில் தயாரானதால் பெரிய கப்பல்கள் இங்கே நின்றன; பெரிய கப்பல்கள் நின்றதால் சுற்றுவட்டாரச் சிறு கப்பல்கள் இங்கே வந்தன; சிறு கப்பல்கள் கொண்டுவந்த சரக்கால் இன்னும் பெரிய கப்பல்கள் வந்தன. 1982-ல் கப்பல் டன் கணக்கில் உலகின் மிகச் சுறுசுறுப்பான துறைமுகம். 1990-ல் கன்டெய்னரிலும் முதலிடம், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளோடு.

மறுபக்கம், மூட்டை சுமந்த தோள்களுக்கும் தொங்கான்களுக்கும் வேலை குறைந்துகொண்டே வந்தது. 1977-ல் சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவாக்கும் பத்தாண்டுத் திட்டம் தொடங்கியது. 1983-ல் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். 160 ஆண்டுகளுக்கும் மேல் துறைமுகமாக இருந்த ஆறு அத்தோடு அந்த வேலையிலிருந்து ஓய்ந்தது. ஆறு சுத்தமானதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கரையில் தலைமுறையாக உழைத்தவர்களின் வாழ்க்கைக் கதைகள் இன்னும் எவ்வளவோ பதிவாக வேண்டும்.

பெட்டி மாறும் விதம்

இப்போது பலெம்பாங் பெட்டிக்கு வருவோம். ஃபீடர் கப்பல் வருவதற்கு முன்பே, எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, என்ன எடை, எந்தக் கப்பலில் மாற வேண்டும் என்ற விவரம் கணினிக்கு வந்துவிடும். இதற்கான போர்ட்நெட் அமைப்பைச் சிங்கப்பூர் 1984-லேயே தொடங்கியது. மாலுமிக்கு வழிகாட்ட ஒரு பைலட் ஏறுகிறார், இழுவைப் படகுகள் கப்பலைத் தளத்தோடு அணைக்கின்றன. தளம் என்பதைத் துறைமுகக்காரர்கள் பெர்த் என்பார்கள்.

கிரேனிலிருந்து ஒரு சட்டம் இறங்கிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, நான்கு மூலையிலும் உள்ள துளைகளில் பூட்டைத் திருப்பிக் கவ்விக்கொள்கிறது. தூக்கி, கீழே நிற்கும் வண்டியில் வைக்கிறது. வண்டி அதை வளாகத்துக்குக் கொண்டுபோகிறது. சிக்கலே இங்கேதான். இடம் குறைவு என்பதால் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். முதலில் போக வேண்டிய பெட்டி அடியில் மாட்டிக்கொண்டால், மேலே இருப்பவற்றை எல்லாம் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் அதை எடுக்க முடியும். ஒவ்வொரு வீண் தூக்கலும் நேரம், பணம். ஆகவே எந்தக் கப்பல் எப்போது வரும் என்று பார்த்து, எது மேலே எது கீழே என்பதை முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள்.

தாய்க்கப்பலில் ஏற்றும்போதும் அதே தலைவலி. கனமான பெட்டி அடியில் போக வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் ஆடும். முதலில் இறங்க வேண்டிய பெட்டி மேலே இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு மின்இணைப்பு எட்ட வேண்டும். தீப்பிடிக்கும் பொருளை ஒன்றுக்கொன்று தள்ளி வைக்க வேண்டும். இவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒத்துப்போகச் செய்து சில மணி நேரத்தில் ஏற்றி முடிப்பதுதான் இந்தத் துறைமுகத்தின் உண்மையான தொழில். கப்பல்காரர் சிங்கப்பூருக்குக் கொடுக்கும் பணம், இப்படி மிச்சமாகும் நேரத்துக்குத்தான்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெட்டியை மாற்றும் இடம் எது என்று சரக்கின் சொந்தக்காரர் கவலைப்படுவதில்லை. கப்பல் கம்பெனிதான் முடிவு செய்கிறது. எதிர்க்கரையில் ஜொகூரில் மலேசியா கட்டிய தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகத்துக்கு 2000-ல் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி தன் சரக்கு மாற்றும் வேலையைக் கொண்டுபோனது. 2002-ல் எவர்கிரீன் கப்பல் கம்பெனியும் போனது. அதே நீரிணை, அதே அமைதியான கடல். இருக்கும் இடம் ஒன்றே போதும் என்றால் இது நடந்திருக்காது. 2010-ல் ஷாங்ஹாய் கன்டெய்னர் எண்ணிக்கையில் சிங்கப்பூரைத் தாண்டியது. அங்கே சரக்குக்குச் சீனத் தொழிற்சாலைகளே இருக்கின்றன. சரக்கு மாற்றுவதில் இன்றும் சிங்கப்பூர்தான் முதலிடம்.

துவாஸ்

தஞ்சோங் பகார், கெப்பல், பிராணி, பாசிர் பாஞ்சாங் என்று முனையங்கள் பிரிந்திருந்ததில் ஒரு தொல்லை உண்டு. ஒரு முனையத்தில் இறங்கிய பெட்டி மாற வேண்டிய கப்பல் இன்னொரு முனையத்தில் நிற்கும். நடுவில் லாரியில் ஊரைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். இதை ஒழிக்கத்தான் எல்லாவற்றையும் தீவின் மேற்குக் கோடியில் துவாஸில் ஒரே இடமாகக் கட்டுகிறார்கள். கடலுக்குள் 28 மீட்டர் உயரமுள்ள, ஏறத்தாழ பத்து மாடி அளவு, கான்கிரீட் கூடுகளை வரிசையாக இறக்கிக் கரை எழுப்பினார்கள். முதல் கட்டத்துக்கு மட்டும் 221 கூடுகள். 2022 செப்டம்பரில் முறையாகத் திறந்தார்கள். பெட்டிகளை ஓட்டுநர் இல்லாத மின்வண்டிகள் கொண்டுபோகின்றன. 2040-களில் முழுதும் முடிந்தபின் ஆண்டுக்கு ஆறரைக் கோடிப் பெட்டிகளைக் கையாள முடியும் என்பது திட்டம்.

அது முடியும் முன்பே ஒரு சோதனை வந்தது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், பெரும்பாலான கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு மீண்டும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. வழி நீண்டது, கால அட்டவணை குலைந்தது. தனித்தனியாக வர வேண்டிய கப்பல்கள் கொத்தாக வந்து சேர்ந்தன. தாமதத்தை ஈடுகட்ட, அடுத்த துறைமுகங்களைத் தாண்டிப் போக விரும்பிய கப்பல்கள் வழக்கத்தைவிட அதிகமான பெட்டிகளைச் சிங்கப்பூரிலேயே இறக்கிவிட்டுப் போயின. வளாகம் நிறைந்தது, வந்ததும் பெர்த் கிடைக்கும் இடத்தில் 2024 நடுவில் கப்பல்கள் சராசரியாக இரண்டு, மூன்று நாள் நின்றன.

துறைமுகம் அப்போது செய்தது இது: துவாஸுக்கு மாறுவதற்காகக் கெப்பல் முனையத்தில் மூடிவிட்ட பழைய பெர்த்துகளையும் வளாகங்களையும் மீண்டும் திறந்தது, கூடுதல் ஆள் போட்டது, துவாஸில் அடுத்த பெர்த்துகளைத் திறக்கும் வேலையை முடுக்கியது. நகரை ஒட்டிய பழைய முனையங்களின் குத்தகை 2027-ல் முடிகிறது. அதற்குப்பின் அந்தக் கடற்கரையில் குடியிருப்புகள் கட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். பாசிர் பாஞ்சாங் அதற்குப்பிறகும் பல ஆண்டுகள் இயங்கும், பிறகு அதுவும் துவாஸோடு சேரும்.